எச்சிலைத் தொடும் பெண்ணுக்கு என்ன பெயர்?

ஒருவர் வாய்க்குள் இன்னொருவர் கைவிடுவது சாதிச் சமூகத்தில் சின்னக் காரியம் இல்லை. தீட்டுக் கணக்கில் எச்சிலுக்குத் தனி இடம் உண்டு. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தது உதடு படும் விளிம்புக்காகத்தான். 'கைகட்டி வாய்பொத்தி' என்று இன்று பணிவுக்குச் சொல்கிறோம். அது வெறும் சொல்வழக்கு அல்ல. ஆண்டை முன் நின்று பேசும் பண்ணையாள், தன் மூச்சும் எச்சிலும் அவர்மேல் தெறித்துவிடக் கூடாதென்று உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்ட நடைமுறை அது. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவர் எச்சில் துப்புவதற்குக் கழுத்தில் மண்கலயம் கட்டித் திரிய வேண்டியிருந்ததை 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் எடுத்துவைத்தார்.

இன்னொரு சம்பவத்தையும் அவர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் சேர்த்திருக்கிறார். கத்தியவாரைச் சேர்ந்த ஒரு தலித் ஆசிரியர் எழுதிய கடிதம் 1929இல் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு மோசமானது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். இரண்டு ரூபாய் கட்டணம் பேசி, மனைவியையும் பச்சைக் குழந்தையையும் வெளியே தூக்கிவரச் செய்தார். தெர்மாமீட்டரை அவர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, முஸ்லிம் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியின் வாயில் வைத்தார். திரும்பிப் போனதும் அதே வழியில்தான். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

படித்த மருத்துவரே தொடாத வாயைக் காலங்காலமாகத் தொட்டவர்கள் யார்? நம் ஊர்களில் நாவிதர்கள். சவரம் செய்த கையே பல்லையும் பிடுங்கியது, கட்டியையும் அறுத்தது. அவர் வீட்டுப் பெண் மருத்துவச்சியாகப் பிரசவம் பார்த்தார். அந்தச் சமூகத்தின் பெயரே மருத்துவர். தமிழ்நாட்டு மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. கூலி, களத்து மேட்டில் அளந்து போட்ட நெல். மரியாதை, திண்ணைக்குக் கீழே. மநுவின் நூலோ நான்காம் அத்தியாயத்தில் மருத்துவன் தரும் சோற்றைச் சீழுக்குச் சமமாக வைக்கிறது. நோயைத் தொட்டவனும் தீட்டு என்பதுதான் அதன் அறிவு.

1920இல் கல்கத்தாவில் ஆர். அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு வந்தது. மரத்துப்போகும் ஊசி இல்லாமல் பல் பிடுங்கிய காலத்துக்கு நான் ஏங்கவில்லை. அறிவியல் வந்ததில் எல்லோருக்கும் லாபம். ஆனால் தொழில் பட்டமாக மாறியபோது கூடவே ஒரு வடிகட்டலும் நடந்தது. சீழாக இருந்த வேலை கௌரவமானதும், அதுவரை செய்தவர்களின் பிள்ளைகள் அதற்குத் தகுதித் தேர்வு எழுத வேண்டியவர்கள் ஆனார்கள்.

பல்லை அழகுபடுத்தும் கதையிலும் இதே கோணல்தான். ஆனைமலைக் காடர்கள் முன்பற்களை உளியாலும் அரத்தாலும் கூர்மையாகச் செதுக்கிக்கொண்டதை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார். சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராக இருந்து மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்த அதே தர்ஸ்டன்தான். 1909இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளில் காடர்களின் பல் ஒரு விநோதப் பொருள், பழங்குடி 'இனத்தின்' அடையாளம். அதைச் செதுக்கக் காடர்களுக்குள்ளேயே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்றும் அவரே எழுதுகிறார். ஆனாலும் அவர்களை யாரும் வைத்தியர் என்று சொல்லவில்லை.

கடலுக்கு அப்பால் பாலித் தீவு இந்துக்களைப் பாருங்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் ஆறையும் அரத்தால் சமன்படுத்துவது அங்கே பெரிய சடங்கு. காமம், குரோதம் முதலான ஆறு பகைகளை அடக்குவதாகப் பொருள் சொல்கிறார்கள். புரோகிதர் மந்திரம் ஓத, விருந்தோடு நடக்கிறது. காடர் கையில் இருந்தால் காட்டுமிராண்டித்தனம், புரோகிதர் பக்கத்தில் நின்றால் சம்ஸ்காரம். நம் புராணப் படங்களில் அசுரன் என்றால் கோரைப்பல் வரைவார்கள். நரசிம்மருக்கும் கோரைப்பல் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். உண்டு. அவருக்கு அது அவதாரம்.

இன்றைய சமன்படுத்தலுக்குப் பெயர் கிளிப். பெரம்பலூரிலும் அரியலூரிலும் பல் கிளினிக் பலகைகள் கூடிக்கொண்டே போகின்றன. மக்காச்சோளம் விற்ற காசும் சிமெண்ட் ஆலைச் சம்பளமும் கொஞ்சம் அந்தப் பக்கம் போகின்றன. எத்துப்பல் உள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று பயப்படும் வீடுகளை நான் அறிவேன். பையனுக்கு எத்துப்பல் என்றால் அதே வீட்டில் யாரும் தூக்கம் கெடுவதில்லை. கடித்து மெல்லவே சிரமப்படுகிறவர்களுக்குக் கம்பி தேவை, மறுக்கவில்லை. பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்காகப் போடும் கம்பியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். எல்லோரும் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். உமிழ்நீரை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, அளவெடுக்கும் பொடியைக் குழைப்பது, ரத்தம் பட்ட கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் வைப்பது, துப்பும் கிண்ணத்தைத் தேய்ப்பது, கடைசியில் கிளினிக்கைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவள். எனக்குத் தெரிந்து இந்த வேலைக்குப் போகும் பெண்கள் பிளஸ் டூ முடித்தவர்கள், கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள், பாதிக்கு மேல் எங்கள் காலனிக்காரிகள். என் சித்தி மகளும் அப்படித்தான் போனாள். பயிற்சி என்று சொன்னது, அவளுக்கு முன்னால் வேலை பார்த்த பெண் இரண்டு வாரம் காட்டிக் கொடுத்தது. ஒருநாள் ஊசி விரலில் குத்திவிட்டது. டெட்டால் போட்டுக் கழுவச் சொன்னார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்று ஒன்று இருப்பதையே நான் சொல்லித்தான் கேட்டாள்.

நம் காரைப் பாறைகளில் கடலாக இருந்த காலத்துச் சுறாப்பற்கள் கிடைக்கின்றன. கோடி கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த அந்தச் சுறாக்களுக்கு லத்தீனில் பெயர் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திலோ மூன்று பெயர்கள்தான்: பல் மருத்துவர், பல்லைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட், பல்செட் செய்யும் மெக்கானிக். பக்கத்தில் நிற்பவள் அதில் இல்லை. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2023இல்தான் அதை மாற்றத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. அவளுக்கு அது என்ன செய்யும் என்பதை அவள் கையில் வரும் சான்றிதழையும் சம்பளச் சீட்டையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

இந்த வேலை பிறந்த கதையே பெண்ணின் உடம்பைச் சுற்றித்தான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 1885வாக்கில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் உதவிக்குப் பெண்ணை அமர்த்தினார். பெண் நோயாளிகள் ஆண் துணை இல்லாமல் வரலாம் என்பதற்கான உத்தரவாதம் அவள். அந்த உதவியாளர்கள் 1924இல் ஜூலியட் சதர்ட் தலைமையில் தங்களுக்கென்று தேசியச் சங்கம் அமைத்தார்கள். நியூசிலாந்து 1921இல் இளம்பெண்களுக்கு இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பல்லை அடைக்கவும் பால்பல்லைப் பிடுங்கவும் அனுப்பியது. மலாயாவில் 1949இல் பினாங்கில் அதே மாதிரிப் பள்ளி தொடங்கியது. இலங்கையும் மகரகமையில் அப்படி ஒன்றை நடத்தியது. அரசு செலவில் பயிற்சி, அரசு வேலை, நோயாளி முன்னால் சொந்தப் பெயர். அங்கேயும் பல் மருத்துவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. அரசுகள் பின்வாங்கவில்லை.

நமக்கு வாய்த்தது வேறு. பி.டி.எஸ். இடத்துக்கும் நீட் எழுத வேண்டும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியும் நீட் சுவரில் மோதி 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனார். அதற்குப் பிறகு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவத்திலும் கதவைக் கொஞ்சம் திறந்தது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் ஆயிரம் பேரில் சிலர்தான் கிளினிக்கில் குழாய் பிடிக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் சமூகநீதி மேடைகளும் பேசுவதில்லை. டாக்டர் நாற்காலிக்கு மட்டும் இடஒதுக்கீடு கேட்டுப் பழகிவிட்டோம்.

பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உதவித்தொகையோடு ஓராண்டுப் பல் உதவியாளர் பயிற்சி தொடங்க வேண்டும். அதில் இடஒதுக்கீடு முழுதாக நடக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரவேண்டும். அந்தச் சான்றோடு ஹைஜீனிஸ்ட் டிப்ளமோவுக்குப் போக வழி வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே மூன்று தவணைத் தடுப்பூசியின் முதல் ஊசி, செலவு முதலாளியுடையது. கூட்டிப் பெருக்கத் தனி ஆள், தனிச் சம்பளம். நியமனத் தாளில் வேலை நேரம் இருக்க வேண்டும், சட்டையில் அவள் பெயர் இருக்க வேண்டும்.

அரியலூர் மருத்துவக் கல்லூரியில் அனிதா பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. முதல் வகுப்பை அங்கேயே வைக்கலாம்.