சிறகு கிடைத்தது, நிலம் எங்கே?

ஓய்வுபெற்ற விமானத்தை விலைக்கு வாங்கி, அதையே வீடாக்கிக் குடியிருப்போரைப் பற்றிய செய்திகள் ஏடுகளில் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றைப் படித்து வியப்பதில் தவறில்லை. ஆயின், அவ்வியப்பின் முடிவில், 'வீடில்லாக் கொடுமைக்கு இதோ ஒரு விடிவு' என்று எழுதிவிடுகிறார்களே, அதைத்தான் ஏற்க இயலவில்லை.

அவர்களது வாதம் எளியது. பறக்கும் காலம் முடிந்த விமானங்கள் பாலைவனங்களில் வரிசையாய் நிற்கின்றன. பயன்படும் உறுப்புகளைக் கழற்றிய பின், எஞ்சிய உடல் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. காற்றையும் குளிரையும் தாங்கிய உறுதியான கூட்டை வெட்டுவானேன், வீடற்றோருக்கு வழங்கலாகாதா என்கிறார்கள். செவிக்கு இனிய பேச்சுத்தான். அவர்கள் காட்டும் சான்றுகளையே எடுத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்பரோ அருகே, புரூஸ் கேம்பெல் என்னும் பொறியாளர் 1999இல் போயிங் 727 விமானம் ஒன்றை 1,00,000 டாலருக்கு வாங்கினார். அதைக் கொண்டுவந்து நிறுத்தி, வாழத் தகுந்ததாக்குவதற்குள் மொத்தச் செலவு ஏறத்தாழ 2,20,000 டாலராயிற்று. இது ஏழையின் கணக்கா? அதைவிடக் கருதத் தக்கது மற்றொன்று: விமானம் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, தம் இளம் வயதிலேயே, அவர் 10 ஏக்கர் நிலம் வாங்கி வைத்திருந்தார்.

'எளியவர் எவரும் இதைச் செய்யவில்லையா?' என்று கேட்பர். செய்தார். மிசிசிப்பி மாநிலத்தில் சிகையலங்காரத் தொழில் புரிந்த பெண்மணி ஒருவர், 1994ஆம் ஆண்டின் பனிப்புயலில் வீட்டை இழந்தார். பழைய போயிங் 727 ஒன்றை 2,000 டாலருக்கு வாங்கி, பெரும்பாலான வேலைகளைத் தம் கைகளாலேயே செய்து முடித்தார். மொத்தச் செலவு 30,000 டாலருக்குள் அடங்கியது. அவரது துணிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவ்விமானம் எங்கே வந்து நின்றது? ஏரிக்கரையில், அவருக்கே சொந்தமான மனையில் அன்றோ! அம்மனை இல்லையேல், 2,000 டாலர் விமானத்தை அவர் எங்கே இறக்கியிருப்பார்?

மனையில்லாதோர் விமானத்தில் குடியேறினால் என்ன நேரும் என்பதற்குப் பாங்காக் நகரம் சான்று. அங்கே ராம்கம்ஹெங் சாலையோரம் கைவிடப்பட்டுக் கிடந்த விமானங்களின் உடல்களுக்குள், 2010களில் ஏழைக் குடும்பங்கள் சில வாழ்ந்தன. கழிவுப் பொருள்களைப் பொறுக்கி விற்றும், வேடிக்கை பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவுப் பணம் பெற்றும் காலம் தள்ளின. நிலமோ பிறருடையது. ஆகவே உலகம் அவர்களை வீட்டுக்காரர்களாகக் காணவில்லை. காட்சிப் பொருள்களாகவே கண்டது. கூடு ஒன்றுதான். நிலமுள்ளவரிடம் அது கனவு இல்லம். நிலமற்றவரிடம் மழைக்கு ஒதுங்கும் இடம்.

வீடற்றவனுக்கு உண்மையில் இல்லாதது சுவருமன்று, கூரையுமன்று. கிடைத்த தகரத்தையும் பலகையையும் கொண்டு கூடு கட்ட அவன் அறிவான். 'எழுந்து போ' என்று எவரும் சொல்லவியலாத ஒரு துண்டு நிலம், அதுவே அவனுக்கு வேண்டும். அதைக் கொடுக்க மனமின்றி, பறந்து தேய்ந்த விமானத்தை அவனுக்குச் சுட்டிக்காட்டுவது இரக்கமன்று. கடமையைத் தட்டிக்கழிக்கும் தந்திரம்.

விமானங்களுக்கு இறங்க நிலம் ஒதுக்கியிருக்கிறோம். பறக்க முடியாதவை நிற்கவும் நிலம் ஒதுக்கியிருக்கிறோம். மனிதனுக்கு ஒதுக்க மட்டும் ஏன் கை நடுங்குகிறது?