சவுலுக்குச் சுரமண்டலம், எலியாவுக்கு உறக்கம்



மனப்பதற்றத்தால் வாடுகிறவர்கள் இசை கேட்கும் சிகிச்சையை நாடலாமா, அது விசுவாசக் குறைவாகாதா என்னும் கேள்வி இந்நாட்களில் விசுவாசிகளிடையே எழுகிறது. நாடலாம் என்பதே என் பதில். ஆனால் அதனுடன் ஓர் எச்சரிப்பும், நம் சபைகளுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு.

முதலாவது வேதத்தைப் பாருங்கள். சவுல் ராஜா கலங்கித் தவித்தபோது, சுரமண்டலம் வாசிப்பதில் தேறினவனைத் தேடும்படி அவனுடைய ஊழியக்காரர் ஆலோசனை கூறினார்கள். தாவீது வந்து வாசித்தான். ராஜா ஆறுதலடைந்தான் (1 சாமுவேல் 16). எலியா சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது, தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்கவிட்டார் (1 இராஜாக்கள் 19). அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பின்புதான். களைத்த சரீரத்தைத் தேற்றுவதை நம் சிருஷ்டிகர் அற்பமாக எண்ணவில்லை, நாமும் எண்ணலாகாது.

நம் சரீரத்தின் அமைப்பும் இதற்குச் சாட்சி. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு இருதயம், நுரையீரல், வயிறு வரை செல்லும் வேகஸ் என்னும் நரம்பு உண்டு. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இந்நரம்பின் செயலால் இருதயத் துடிப்பு தணிகிறது. பாடலை நிதானமாகப் பாடுகிறவர் தம்மை அறியாமலே மூச்சை நீட்டி விடுகிறார். 2013-ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 2,051 பேர் பங்கேற்ற 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அறுவை சிகிச்சைக்குமுன் இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்கக்கூடும் என்று கூறியது.

இனி எச்சரிப்பு. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் போர்ஜஸ் உருவாக்கிய ‘சேஃப் அண்ட் சவுண்ட் புரோட்டோகால்’ என்னும் முறையில், பிரத்தியேகமாக வடிகட்டப்பட்ட இசையை ஹெட்போன் வழியாக மொத்தம் 5 மணி நேரம் கேட்கிறார்கள். அதற்கு அடிப்படையான பாலிவேகல் கோட்பாட்டை அவர் 1994-இல் முன்வைத்தார். அதை மறுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. ஆகையால் எல்லா நோயும் தீரும் என்று எவரேனும் விற்றால் நிதானித்து அறியுங்கள். மருத்துவர் தந்த மருந்தை இசையை நம்பி நிறுத்தாதிருங்கள்.

சவுலின் சரித்திரம் ஆறுதலோடு முடியவில்லை என்பதையும் மறவாதிருங்கள். அதே தாவீது வாசித்துக்கொண்டிருக்கையில்தான் சவுல் அவன்மேல் ஈட்டியை எறிந்தான். இசை அவன் நரம்புகளைத் தணித்தது. அவன் உள்ளத்தின் பொறாமையையோ அகற்றவில்லை. பதற்றம் தணிவது வேறு, மனந்திரும்புதல் வேறு. அதற்காகக் கலங்குகிற ஒவ்வொருவரிடத்திலும் பாவம் ஒளிந்திருக்கிறதென்று எவரும் தீர்ப்பிடவேண்டாம். எலியாவின் கலக்கம் பொறாமையால் வந்ததல்ல. அவன் களைத்திருந்தான், பயந்திருந்தான், தனித்திருந்தான்.

கடைசியாக வேண்டுகோள். இரவெல்லாம் உறங்காத ஒரு சகோதரி ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார் என்று எண்ணிப்பாருங்கள். டிரம்ஸும் ஒலிபெருக்கியும் அவர் நெஞ்சை அதிரவைக்கின்றன. பின்பு, உங்களுக்கு விசுவாசம் போதாது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் அடுத்த வாரம் வருவாரா? ஹெட்போனில் தேடுகிற அமைதியை அவர் சபையில் ஏன் காணக்கூடாது? நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டிருக்கின்றன. அயலாரை நேசிக்கச் சொல்லும் நமக்கு அதைக் கைக்கொள்ளச் சட்டத்தின் பயம் தேவையா? கர்த்தர் எலியாவைச் சந்தித்தது பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் அல்லவே!

ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறையுங்கள். பிரசங்கம் முடிந்தபின் 5 நிமிடம் அனைவரும் மௌனமாய் அமர்ந்திருங்கள். இந்த வாரத்தில், கலங்கியிருக்கும் ஒருவரின் அருகே அமர்ந்து, புத்தி சொல்லாமல், அவருக்குப் பிடித்த பாடலொன்றைத் தாழ்ந்த குரலில் அவரோடு சேர்ந்து பாடுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் சரீரத்துக்கும் ஆத்துமாவுக்கும் இளைப்பாறுதல் தருவாராக. ஆமென்.