பிள்ளையின் தலையில் கத்தரிக்கோல் வைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?



புதிய தவணை தொடங்கிவிட்டது. வழமையான காட்சியும் இனித் தொடங்கிவிடும். கேற்றடியில் ஒரு கதிரை. பக்கத்தில் ஒரு சேர். கையில் கத்தரிக்கோல், சில இடங்களில் மஷீன். பொடியன்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். யாராவது அதைப் போனில் எடுத்து, "இப்படிப்பட்ட ஆசிரியர்கள்தான் சமூகத்துக்குத் தேவை" என்று போடுவார்கள். கீழே "மாஷா அல்லாஹ்" என்று எழுத நூறு பேர் வருவார்கள்.

நானும் ஆசிரியன்தான். தினமும் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குள் போய் வருகிறவன். ஆகவே வெளியில் நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே நின்றுதான் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் தலைமுடியைப் பலாத்காரமாக வெட்டுவது ஒழுக்கம் கற்பிப்பது அல்ல, அவமானப்படுத்துவது. அதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை, கலாசாலையில் நாம் படித்த பிள்ளை உளவியலிலும் இடமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் திரிக்க வேண்டாம். பாடசாலைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். சீருடை வேண்டும். சிகை அலங்காரத்துக்கும் ஒரு வரையறை இருக்கலாம். அதை மீறும் மாணவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம், பெற்றோரை அழைக்கலாம், அடுத்த திங்களுக்குள் திருத்திக்கொண்டு வா என்று தவணை கொடுக்கலாம். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. விதி இருக்கலாமா என்பது என் கேள்வி அல்ல. விதியை மீறினான் என்பதற்காக இன்னொருவரின் உடம்பில் கை வைக்கலாமா என்பதுதான் கேள்வி. சப்பாத்து கறுப்பாக இருந்தால் அந்தச் சப்பாத்தைக் கிழித்து எறிகிறோமா? இல்லையே. அப்படியானால் முடிக்கு மட்டும் ஏன்?

வெட்டுகிற விதத்தையும் பாருங்கள். யாரும் அழகாக வெட்டி விடுவதில்லை. நடுவில் ஒரு இழுவை, அல்லது காதுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் ஒரு கடி. மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். ஏன்? அவன் அந்தத் தலையோடு எல்லாப் பாடவேளையும் இருக்க வேண்டும், இடைவேளையில் எல்லோரும் பார்த்துச் சிரிக்க வேண்டும், வீட்டுக்குப் போகும்போது தெருவும் பார்க்க வேண்டும். முடியைத் திருத்துவது நோக்கம் என்றால் இப்படி அரைகுறையாக விடத் தேவையில்லை. நோக்கம் வேறு.

இனி மார்க்கத்துக்கு வருவோம். ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் முதலில் தூக்கிப் பிடிப்பது மார்க்கத்தைத்தான். "இது கஸஃ, நபியவர்கள் தடுத்தது" என்பார்கள். ஆம், தலையின் ஒரு பகுதியை மழித்து மறு பகுதியை விட்டுவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். அதில் எனக்கு எந்த வாதமும் இல்லை. ஆனால் சேர், நீங்கள் மஷீனை எடுத்து நடுத்தலையில் ஒரு வழி இழுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டீர்களே, அதற்கு என்ன பெயர்? கஸஃ கூடாது என்று சொல்லிக்கொண்டே கஸஃ செய்தது யார்? பொடியன் சலூனில் காசு கொடுத்து வெட்டிய தலையை விட நீங்கள் இலவசமாக வெட்டிய தலைதான் அந்த ஹதீஸுக்கு அதிகம் மாறு.

இன்னொன்று. அபூதாவூதில் வரும் அறிவிப்பு உங்களுக்கும் தெரியும். தலையில் பாதி மழித்த ஒரு சிறுவனை நபியவர்கள் கண்டபோது என்ன செய்தார்கள்? முழுவதையும் மழியுங்கள் அல்லது முழுவதையும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிடித்து இழுத்து நிறுத்தினார்கள் என்றோ, கூட்டத்துக்கு முன்னால் வைத்து வெட்டினார்கள் என்றோ அதில் இல்லை. நாம் ஹதீஸின் சட்டத்தை எடுத்துக்கொண்டோம். அதைச் சொன்ன முறையை விட்டுவிட்டோம்.

மேலும், கஸஃ வெறுக்கத்தக்கது, மக்ரூஹ் என்றுதான் இமாம் நவவி போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்றைய ஃபேட் வெட்டு அதில் அடங்குமா என்பதில் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. மழிப்பது வேறு, கட்டையாகக் குறைப்பது வேறு என்பாரும் உண்டு, இரண்டும் ஒன்று என்பாரும் உண்டு. உலமாக்களே பேசிக்கொண்டிருக்கும் ஒரு விடயத்துக்குக் கேற்றடியில் வைத்து நாம் தீர்ப்பும் சொல்லித் தண்டனையும் நிறைவேற்றுகிறோம்.

"நீண்ட முடி வைப்பது காவாலித்தனம்" என்பார்கள். நபியவர்களின் முடி சில வேளை காதுச் சோணை வரையும், சில வேளை தோள்பட்டை வரையும் இருந்ததாகச் சஹீஹான ஹதீஸ்கள் சொல்கின்றன. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் இஹ்ராமைக் களையும்போது ஆண்கள் மழிக்கலாம், அல்லது குறைக்கலாம். மழிப்பது சிறந்தது. ஆனாலும் தெரிவு இருக்கிறது. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போன மனிதனுக்கே தெரிவு கொடுத்த மார்க்கம் இது.

அடுத்தது சட்டம். நம்மில் பலர் சுற்றுநிருபம் என்றால் சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் மட்டும்தான் வாசிக்கிறோம். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை அனுப்பிவிட்டது. 2016இல் பாடசாலை ஒழுக்கம் பற்றி 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 28ஆம் உறுப்புரை, பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு ஏற்ற முறையில் இருக்க வேண்டும் என்கிறது. நம் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை இழிவாக நடத்துவதைத் தடை செய்கிறது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் இந்த 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. "அந்தக் காலத்தில் எங்களுக்கு அடித்தார்கள், நாங்கள் நல்லா வரவில்லையா?" என்று கேட்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இப்போது நம் சமூகத்திடம் ஒரு கேள்வி.

1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. அந்த வருடத்தின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். போராடினார்கள், வென்றார்கள். இன்றும் அதைப் பெருமையோடு பேசுகிறோம். 2018இல் திருகோணமலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானபோது நாடு முழுக்கக் கொதித்தோம். 2024இல் அதே திருகோணமலையில், காதை மறைத்துக்கொண்டு பரீட்சை எழுதினார்கள் என்று 70 மாணவிகளின் உயர்தரப் பெறுபேறுகளை நிறுத்தி வைத்தபோது "இது எங்கள் பிள்ளைகளின் உரிமை" என்று எழுதினோம். எழுதியது சரி. அப்போது நாம் சொன்னது என்ன? ஒரு மனிதனின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அதிகாரத்தில் இருப்பவன் பலவந்தமாகத் தீர்மானிக்கக் கூடாது என்பதுதானே?

மற்றவர்கள் நம் தலையில் கை வைத்தால் உரிமை மீறல். நாமே நம் பிள்ளையின் தலையில் கை வைத்தால் ஒழுக்கமா? அந்த ஆசிரியைகளின் கௌரவம் கௌரவம் என்றால், தரம் 10 படிக்கும் பொடியனின் கௌரவமும் கௌரவம்தான்.

சரி, யாருடைய தலை வெட்டப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? டொக்டரின் மகன் அதே வெட்டோடு வருவான். "மகன், அடுத்த கிழமை கொஞ்சம் குறைச்சிட்டு வாங்க" என்று சொல்வோம். கடலுக்குப் போகிறவரின் மகனை, வாப்பா கத்தாரில் இருக்கும் பிள்ளையை, வந்து கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளையைத்தான் கதிரையில் இருத்துவோம். கத்தரிக்கோலுக்கும் வீட்டு விலாசம் தெரியும்.

அப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். ஒரு திங்கட்கிழமை கேற்றடியில் வெட்டினார்கள். அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனேன். உம்மாதான் கதைத்தார். "சேர், முடிய வெட்டினது காரியமில்ல. எல்லாரும் சிரிச்சதுதான் அவனுக்குப் பொறுக்கல்ல." முடி ஒரு மாதத்தில் வளர்ந்துவிட்டது. அவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. இப்போது ஒரு கராஜில் நிற்கிறான். அவனுடைய சாதாரண தரப் பரீட்சையையும் சேர்த்துத்தான் அன்று வெட்டினார்கள்.

"முடியைக் கண்டிக்காவிட்டால் நாளைக்குப் போதைக்குப் போவான்" என்று ஒரு வாதம் இருக்கிறது. நம் ஊர்களில் ஐஸ் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐஸ் விற்கிறவன் தலைமுடியின் நீளம் பார்த்து விற்பதில்லை. கட்டையாக வெட்டி, எண்ணெய் வைத்து, ஒரு பக்கம் சீவி வருகிற பிள்ளையும் அதில் விழுகிறான். அவனை நாம் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அவன் தலை சரியாக இருக்கிறது. ஒரு பிள்ளை ஏன் மூன்று நாளாகப் பாடசாலை வரவில்லை, ஏன் வகுப்பில் தூங்குகிறான், தரம் 9க்கு வந்தும் ஏன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான் என்று தேடுவது கஷ்டமான வேலை. வீட்டுக்குப் போக வேண்டும், உட்கார்ந்து பேச வேண்டும். முடி வெட்டுவது லேசு. இரண்டு நிமிடத்தில் ஒழுக்கத்தை நிலைநாட்டிய திருப்தி கிடைத்துவிடும்.

இது பாடசாலையோடு முடிகிற கதையும் அல்ல. பொடியன் வளர்ந்து தொழிலுக்குப் போனாலும் ஊர் அவன் தலையை விடாது. கொஞ்சம் நீட்டினால் "ஹிப்பியா?" மொட்டை அடித்தால் "என்ன நோய்?" வெளித்தெரியாத முடிக்கும் இதே கதிதான். ஒரு பெண் வெக்கை தாங்காமல், முடி கொட்டுகிறது என்று தோள் வரை குறைத்தால், பர்தாவுக்குள் இருக்கும் அந்த முடிக்கும் மாமி, மச்சி, பக்கத்து வீட்டு ராத்தா எல்லோரும் கருத்துச் சொல்வார்கள். நபியவர்களின் மனைவியர் அவர்களுக்குப் பின் தம் முடியைக் காதளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள் என்று சஹீஹ் முஸ்லிமில் இருப்பதை அந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். கருத்துச் சொல்லும் பழக்கத்தை நாம் எங்கே பழகினோம்? இன்னொருவரின் தலை பொதுச் சொத்து என்று கேற்றடியில் வைத்துத்தானே நமக்குப் படிப்பித்தார்கள்!

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. செய்யக்கூடியவை இருக்கின்றன.

அதிபர்மாரே, வருடத் தொடக்கத்தில் பெற்றோரையும் மாணவத் தலைவர்களையும் இருத்திச் சிகை விதியை எழுதுங்கள். "ஒழுங்காக" என்று எழுதாதீர்கள். பக்கத்தில் எத்தனையாம் நம்பர் மஷீன், முன்னால் எவ்வளவு நீளம் என்று தெளிவாக எழுதுங்கள். அதை ஊரில் உள்ள சலூன்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பொடியன் சலூன்கார நானாவிடம் "ஸ்கூல் வெட்டு" என்று சொன்னால் அவருக்குப் புரிய வேண்டும். மீறினால் முதலில் வாய்ச்சொல், பிறகு பெற்றோருக்குக் கடிதம், பிறகு சந்திப்பு. சலூனுக்குக் காசில்லாத வீடு என்றால் அதைத் தனியாக விசாரித்து உதவுங்கள். கத்தரிக்கோலைச் சித்திரப் பாட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

பெற்றோரே, உங்கள் மகனின் தலையை யாராவது இப்படி வெட்டினால் "நல்ல வேலை செஞ்சீங்க சேர்" என்று சொல்லாதீர்கள். மரியாதையாகப் போய், எந்தச் சுற்றுநிருபத்தின்படி வெட்டினீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுங்கள்.

தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு சொல். பாடசாலை விதி எழுத்தில் இருந்தால் அதை மதியுங்கள். பதினொரு மணித்தியாலம் பிடிக்கிற சட்டம் அல்ல அது, படிக்கிற காலத்துக்கு மட்டும். அதற்குள் நீங்கள் விரும்பியபடி வெட்டுங்கள். கழுவுங்கள், சீவுங்கள், சுத்தமாக வைத்திருங்கள். முடி வைத்திருப்பவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்பதும் நபிவழிதான். யாராவது உங்கள் தலையைப் பார்த்துச் சிரித்தால் அது உங்கள் வெட்கம் அல்ல.

சக ஆசிரியர்களே, உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். "ஆசிரியனே ஆசிரியனைக் காட்டிக் கொடுக்கிறான்" என்பீர்கள். நான் காட்டிக் கொடுப்பது யாரையும் அல்ல, ஒரு பழக்கத்தை. நம்மிடம் வருகிற பிள்ளையை உம்மா காலையில் தலைசீவி அனுப்புகிறார். அந்தத் தலைக்குள் எதையாவது வைத்து அனுப்பத்தான் நமக்குச் சம்பளம். அதன் மேலே இருப்பதை எடுத்து அனுப்புவதற்கு அல்ல.