குன்றிமணி எடை போதும்... வாய்க்கால் தூண்டிலுக்கு எவ்வளவு ஈயம்?

தூண்டிலில் மீன் மாட்டவில்லை என்றால் முதல் பழி புழு மேல். அடுத்து முள் மேல். அதற்கும் அடுத்து, கரையில் உட்கார்ந்து சத்தம் போட்ட தம்பி மேல். முள்ளுக்கு ஒரு சாண் மேலே இருக்கும் ஈயக்குண்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஓடும் தண்ணீரில், அதுவும் மெல்லிய நரம்பில் மீன் பிடிக்கும்போது பாதி விவகாரமே அந்தக் குண்டில்தான்.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், டெல்டா ஊர்களில் மதகு ஓரமெல்லாம் கம்பும் தூண்டிலுமாகத்தான் இருக்கும். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று கிடைத்ததைப் பிடிக்கிற கூட்டம் அது. இந்த வாரம் அவர்களுக்காக!

குளம் வேறு, வாய்க்கால் வேறு

குளத்தில் குண்டு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஓடும் தண்ணீர் அப்படி இல்லை. மேல்தண்ணீர் வேகமாக ஓடும். தரையை உரசிக்கொண்டு போகும் அடித்தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். மீன் பெரும்பாலும் அந்த மெதுவான தண்ணீரில் நின்றுகொண்டு, உருண்டு வரும் தீனியைக் கவ்வும். நம் புழுவும் அதே வேகத்தில் உருண்டு வர வேண்டும்.

குண்டு கனமாக இருந்தால் புழு ஒரே இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடும். மீன் வாயில் வைத்ததும் பாரம் தெரியும், உடனே துப்பிவிடும். ரொம்ப லேசாக இருந்தால் புழு மேலாகவே அடித்துக்கொண்டு போய்விடும். குண்டு அவ்வப்போது தரையைத் தொட்டு, மறுபடி எழும்பி நகர்ந்தால் எடை சரி. நரம்பை விரல் நுனியில் பிடித்தால் ‘டிக்... டிக்...’ என்று அது தட்டுவது தெரியும். தட்டலே இல்லையா, ஒரு பொடிக்குண்டு சேருங்கள். தட்டி அங்கேயே நின்றுவிட்டதா, ஒன்றை எடுங்கள்.

கிராம் கணக்கு

நடுவில் பிளவு போட்ட குண்டுகளுக்கு எண்ணும் எழுத்தும் உண்டு. பிரிட்டிஷ் அளவில் ‘ஏஏஏ’ என்றால் சுமார் 0.8 கிராம். ‘பிபி’ 0.4 கிராம். 6-ம் எண் 0.1 கிராம், 8-ம் எண் 0.06 கிராம். நம்மூர்க் கணக்கில் ஒரு குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம். அதாவது 6-ம் எண் குண்டும் குன்றிமணியும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. முழங்கால் ஆழத்தில் மெதுவாக ஓடும் வாய்க்காலில் இப்படி இரண்டு மூன்று போட்டு ஆரம்பிக்கலாம். மதகு வாயில் தண்ணீர் இழுத்தால் ‘பிபி’யில் ஒன்றிரண்டு தேவைப்படும்.

ஒரே பெரிய குண்டைவிட நாலைந்து பொடிக்குண்டுகளே என் சாய்ஸ். இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கலாம் என்பதுதான் காரணம். தண்ணீர் மெதுவாக ஓடினால் முள்ளுக்கு ஒரு முழம் மேலே வரை பரப்பிவிடுங்கள்; புழு இயல்பாக மிதந்து இறங்கும். வேகமாக ஓடினால் எல்லாவற்றையும் ஒரு சாணுக்குள் நெருக்குங்கள்.

நரம்பையும் பார்க்க வேண்டும். தடிமன் பாதியானால் தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும் வேகமும் ஏறக்குறைய பாதியாகும். 0.30 எம்.எம். நரம்பிலிருந்து 0.16-க்கு மாறினால் அதே இடத்தில் குறைந்த எடையே போதும். ஆனால் மெல்லிய நரம்பில் குண்டை நசுக்கி அழுத்தினால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். லேசாக அழுத்துங்கள். இடம் மாற்றும்போது நரம்பை ஈரமாக்கிவிட்டு நகர்த்துங்கள்.

பல்லால் கடிக்காதீங்க, ப்ளீஸ்!

பிளவை மூட நம்மில் பலருக்கு இடுக்கி என்றால் பல்தான். கரையில் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பொடிசுகளும் கடிக்கின்றன. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அதற்கென்ன என்று கேட்கலாம். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. தூண்டில் குண்டு காரீயம். பெயரில்தான் ஒற்றுமை. காரீயத்தில் ‘இந்த அளவு வரை பாதிப்பில்லை’ என்று சொல்லத் தெரிந்த அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைக் குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்றும் சொல்கிறது. டயர் பேலன்ஸ் ஈயத்தை வீட்டு அடுப்பில் கரண்டியில் வைத்து உருக்குவது இதைவிட மோசம். தயவுசெய்து வேண்டாம்.

பறவைகளுக்கும் ஆபத்துதான். வாத்து, அன்னம் போன்றவை தீனியை அரைக்கப் பொடிக்கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த குண்டையும் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்ததால்தான், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளை விற்க 1987-ல் தடை வந்தது. அதன்பின் அங்கே அன்னங்களின் எண்ணிக்கை கூடியது. அறுவடை முடிந்த வயலிலும் வாய்க்காலிலும் வாத்துக்கூட்டம் மேயும் டெல்டாவில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

ஹார்டுவேர் கடைக்குப் போங்க

வெள்ளீயக் குண்டு கிடைத்தால் வாங்கலாம். ஒரே பருமனில் காரீயத்தின் மூன்றில் இரண்டு பங்கு எடைதான் இருக்கும். அதற்கேற்ப ஒன்று கூடுதலாகப் போடுங்கள். கிடைக்கவில்லையா? ஹார்டுவேர் கடையில் எம்3 இரும்பு நட் கேளுங்கள். ஒன்று சுமார் 0.38 கிராம், ஏறக்குறைய ஒரு ‘பிபி’. எம்4 நட் 0.8 கிராம், அச்சு அசல் ‘ஏஏஏ’! சந்தேகம் இருந்தால் பத்து நட்டைக் கிச்சன் தராசில் சேர்த்து வைத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஈயத்தைவிடக் கொஞ்சம் பருமன், துருவும் பிடிக்கும். வாய்க்காலுக்கு அது போதும்.

நட்டை நரம்பில் நேரடியாகக் கோக்க வேண்டாம். நாலு விரல் நீளத் தையல் நூலில் கட்டி, அந்த நூலை நரம்பில் ஒரு முடிச்சுக்கு மேலே தொங்கவிடுங்கள். கல்லிடுக்கில் சிக்கினால் நூல் மட்டும் அறும். முள், புழு, மாட்டியிருந்தால் மீன் எல்லாம் கைக்கு வந்துவிடும். நட்டின் துளை ஓரத்தில் பிசிறு இருந்தால் நகவெட்டி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கட்டுங்கள்.

மயில் தண்டில் தக்கை செய்வது எப்படி? அது அடுத்த வாரம்.