கர்ப்பப் பரிசோதனையில் இன்னொரு கேள்வி

மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும், டாக்டர்கள் ‘பைபோலார்’ என்று சொல்லும் இருதுருவ மனநோய் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. அதன் கடுமையான முதல் வகை இரு பாலரிடமும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கிறது. வந்த பிறகுதான் வேறுபாடு.

ஆண்களிடம் அது எழுச்சியில் தொடங்குவது பெண்களைவிட அதிகம். தூக்கமில்லாமல் சுற்றுவதும், கடன் வாங்கி இறைப்பதும், ஊரையே விலைபேசுவதும் வெளியே தெரியும். வீட்டார் பதறி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். (கூடவே குடியும் இருந்தால் பழி முழுவதும் அதன் மேல் போய்விடும், அது தனிக்கதை.) பெண்களிடம் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் சோர்வுதான். நடுவில் மிதமான எழுச்சி வந்தால், ‘இப்பதான் பழையபடி சுறுசுறுப்பா இருக்கா’ என்று வீடே மகிழ்கிறது. அதை டாக்டரிடம் யார் சொல்வார்கள்? அவரும் கேட்காமல் வெறும் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினால், சிலருக்கு அந்த மாத்திரையே எழுச்சியைக் கிளப்பிவிடும்.

பெரிய ஆபத்து பிரசவத்தை ஒட்டி வருகிறது. பிரசவத்துக்குப் பின் கடுமையான மனப்பிறழ்வு வருவது பொதுவாக ஆயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான். முதல் வகை நோய் உள்ளவர்களிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு! பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் அது வெடிக்கிறது. பச்சை உடம்புக்காரியைக் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போனால், தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

மருந்திலும் சிக்கல் உண்டு. ஆண்களுக்குப் பரவலாகத் தரப்படும் வால்புரோயேட், கர்ப்பிணிக்குத் தரப்பட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். அதற்காகத் தானாகவே மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். மனநல மருத்துவரைக் கலந்து முன்கூட்டியே மாற்று மருந்துக்குப் போவதுதான் வழி.

ஆகவே, ரத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனையிலேயே, ‘உனக்கோ உன் குடும்பத்தில் யாருக்கோ மனநோய் இருந்ததா, அம்மா?’ என்ற கேள்வியும் கட்டாயமாக வேண்டும். மாமியார் அருகில் இல்லாதபோது கேட்க வேண்டும். இல்லையென்றால் உண்மை வராது. நோய் முற்றி மருத்துவமனையில் சேர நேர்ந்தாலும், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெறத் தனிப் பிரிவே இயங்குகிறது. அதைப் போன்ற பிரிவு தமிழகத்தின் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வேண்டும். நான்கைந்து கட்டில்களோடு தொடங்கினாலும் போதும்.