சுட்டியைக் குற்றவாளியாக்காதீர்கள்

சி மொழியைக் கைவிட்டு ரஸ்டுக்கு மாறினால் காலாவதியான சுட்டிகள் ஒழிந்துவிடும் எனக் கணினித் துறை நண்பர்கள் கருத்தரங்குதோறும் முழங்குகின்றனர். மொழியியல் பயின்றவள் என்ற முறையில் மறுக்கிறேன்.

லினக்ஸ் இயக்கி சேமிப்பகக் கருவிக்கு அனுப்புவது கோரிக்கையின் சுட்டியை அன்று, ஓர் எண்ணை. வேலை முடிந்ததும் கருவி அவ்வெண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இயக்கி அட்டவணையில் தேடிக் கோரிக்கையை எடுக்கிறது. அதற்குள் அவ்வெண் வேறொரு கோரிக்கைக்குப் போயிருந்தால்? எங்கள் கோர்படியைக் கடந்து சென்னை செல்லும் வண்டியில், 32ஆம் படுக்கைக்காரர் சோலாப்பூரில் இறங்கிவிட, அவர் சொல்லிவைத்த சாப்பாடு அங்கே ஏறியவரிடம் நீட்டப்படும் கதைதான். சுட்டி செல்லுபடியானதே, பெயர்தான் ஆள் மாறிவிட்டது.

2021இல் மிங் லெய், கோரிக்கைத் தொகுப்பு விடுவிக்கப்படுமுன் அட்டவணையில் எஞ்சிய பழைய சுட்டிகளை அழிக்கும் திருத்தத்தைச் சேர்த்தார். அவ்வகைப் பிழைக்கு ரஸ்ட் உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு என்விஎம்இ இயக்கியில் சாகி கிரிம்பெர்க் செய்ததைப் பாருங்கள்: 16 பிட் கட்டளை எண்ணில் 12 பிட் இருக்கைக்கு, 4 பிட் தலைமுறைக்கு. தலைமுறை பொருந்தாத பதில் தள்ளப்படும். பதினாறு சுற்றில் அதே எண் திரும்பும் என்பதால் முழுக் காப்பு அன்று; ஆப்பிளின் சில கருவிகள் இதனை ஏற்காமல் விலக்கும் பெற்றன. எனினும் பிழையின் இருப்பிடத்தை அது சரியாகத் தொட்டது, அதுவும் சி மொழியிலேயே.

வெளியிலிருந்து வரும் வெற்று எண்ணின் ஆயுளை எந்தத் தொகுப்பி சரிபார்க்கும்? நண்பர்கள் சொல்லட்டும்.