ஓலைப்பந்துக்கு ஒரு கூடம்

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது நாம் வழக்கமாகச் செய்வது ஒன்றுண்டு. ஆண்பாற்பிள்ளைத்தமிழ் என்றால் இறுதியில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பால் என்றால் அம்மானை, நீராடல், ஊசல் என்று பலகையில் எழுதிவிட்டு அணிநயத்துக்குச் சென்றுவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "அம்மானை எப்படி சார் ஆடணும்? எத்தனை காய்?" என்று கேட்டாள். நமக்குத் தெரியவில்லை. மறுநாள் அவளே தன் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்து, மூன்று கழற்சிக்காய்களை மாற்றி மாற்றி மேலெறிந்து பிடித்துக் காட்டினாள். முதுகலைப் பட்டம் பெற்ற நமக்குத் தெரியாதது, பள்ளிக்கூடமே செல்லாத ஒரு கிழவியின் கைகளில் இருந்தது. அந்தக் கிழவி இன்று இல்லை.

நாஞ்சில் நாட்டில் குழந்தைப் பருவத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் உண்டு; கோயிற் சிற்பங்களும் நாணயங்களும் அங்கே இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் மூலிகை மரக்கட்டில் இன்றும் பேணப்படுகிறது. 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் கேரள அரசு அந்த அரண்மனையைப் பராமரித்து வருகிறது. நல்லதுதான். ஆனால் குடிமக்களின் பிள்ளைகள் ஆடிக் களித்தவற்றுக்கு இங்கே ஒரு கூடம் இல்லை.

இப்படிச் சொன்னவுடன் நண்பர்கள் சிலர் நாலு கண்ணாடிப் பேழைகளையும் நாற்பது மரப்பாச்சிகளையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். பொம்மைக் காட்சியகம் நமக்குப் புதிதன்று. திருவிதாங்கூரின் காயங்குளத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் சங்கர், 1965இலேயே தில்லியில் பன்னாட்டுப் பொம்மைகளுக்கு ஒரு காட்சியகம் அமைத்தார். அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1955இல், எடின்பரோவில் பாட்ரிக் மர்ரே என்ற நகரமன்ற உறுப்பினரின் முயற்சியால் குழந்தைப் பருவத்துக்கென்றே ஒரு காட்சியகம் உருவாயிற்று. இவை மதிக்கத்தக்கவை. எனினும் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால் வேர்பிடிக்காது.

காரணம் எளியது. நம் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல, தோப்பில் பொறுக்கியவை. குருத்தோலையில் முடைந்த பந்து, பாம்பு, காற்றாடி. பூவரச இலையைச் சுருட்டிய பீப்பி. உதிர்ந்த மச்சிங்காயில் ஈர்க்கில் செருகிய தேர். நுங்கு தின்ற பனங்கூந்தலில் உருளும் வண்டி. ஒருவன் அமர மற்றவன் இழுத்தோடும் கமுகம்பாளை. சுசீந்திரம் தேரோட்டத்திலும் கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவிலும் வாங்கும் கிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். மற்ற நாளெல்லாம் இவைதான். ஓலைப்பந்து இரண்டு நாளில் வாடும். பீப்பி ஒரு பகலைத் தாண்டாது. கீழடியில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் சுடுமண் வட்டச்சில்லும் ஆட்டக்காயும் இருக்கின்றன. மண் என்பதால் ஈராயிரம் ஆண்டு கடந்தும் அவை நமக்குக் கிடைத்தன. அதே காலத்துப் பிள்ளைகள் ஓலையில் முடைந்திருக்கக்கூடியவை நமக்குக் கிடைக்கப்போவதில்லை. ஓலைப் பொருள் காலங்கடந்து வருவதற்கு ஒரே வழி, ஒரு கை மற்றொரு கைக்குக் கற்பிப்பதுதான். அந்தத் தொடர்ச்சிதான் இப்போது அறுகிறது.

ஆகவே கட்டடத்துக்கு முன் நமக்கு வேண்டியது தொகுப்பு. இதற்கு அயர்லாந்து ஒரு முன்மாதிரி. 1937 முதல் 1939 வரை அந்நாட்டின் நாட்டார் வழக்காற்று ஆணையம், ஏறத்தாழ ஐயாயிரம் தொடக்கப்பள்ளிகளின் மூத்த மாணவர்களிடம் குறிப்பேடுகளைத் தந்து, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. கதை, மருத்துவம், திருநாள் ஆகியவற்றோடு, வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்களும் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களும் அத்தலைப்புகளில் இருந்தன. ஏழு லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்தது. வறுமையிலிருந்து மீளாத ஒரு சிறிய நாடு, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்து முடித்தது. நம் மாவட்டத்துப் பள்ளிகளால் ஒரு கோடை விடுமுறையில் இதைத் தொடங்க முடியாதா?

தேவநேயப் பாவாணர் 1954இலேயே தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். தேரூர்க் கவிமணி குழந்தைகளுக்காகப் பாடியவற்றைப் பாடநூல்கள் காத்தன. ஆனால் பிள்ளைகள் தாமே கட்டி, பிழையும் குறும்புமாகப் பாடித் திரிந்த எண்ணுப்பாட்டுகளைக் காக்க எந்தப் பாடநூலும் முன்வரவில்லை. அவை தெருவோடு போயின.

இனி, நம் தரப்பிலேயே உள்ள ஒரு நோயைச் சொல்லவேண்டும். "அந்தக் காலத்தில் எல்லாரும் கூடி விளையாடினோம்" என்ற பெருமூச்சு. எந்த எல்லாரும்? சுசீந்திரம் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்கே 1926இல் சத்தியாகிரகம் தேவைப்பட்ட மண் இது. நடக்கவே விடாத தெருவில் பிள்ளைகள் கூடிக் கிளியாந்தட்டு ஆடினார்கள் என்று எழுதினால் அது பொய். கயிற்று ராட்டுச் சுற்றிய சிறுவனுக்கும், தாய் முந்திரி ஆலைக்குப் போனதால் தம்பியை இடுப்பில் சுமந்த சிறுமிக்கும் விளையாட்டு என்பது திருடிக்கொண்ட அரைமணி நேரம். நமது கூடத்தில் மச்சிங்காய்த் தேருக்குப் பக்கத்தில் அந்த ராட்டும் இருக்கவேண்டும். அதை விலக்கிவிட்டு அமைக்கும் காட்சியகம் வசதியுள்ளோரின் பழம்பெருமைக்கு ஒரு வரவேற்பறையாக மட்டுமே இருக்கும்.

மற்றொரு வாதத்தையும் நாம் ஏற்பதில்லை. பல்லாங்குழி கணக்குக் கற்பிக்கும், பாண்டி ஆடினால் உடல் உறுதிப்படும் என்று பயன் காட்டி இவற்றுக்குப் பரிந்து பேசுவோர் பெருகிவிட்டனர். பொங்கல் விழாவில் பிளாஸ்டிக் பல்லாங்குழி வைத்துப் படமெடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் பயன் கருதி ஆடவில்லை. ஆடத் தோன்றியது, ஆடினார்கள். அந்தச் சுதந்திரம்தான் காக்கத்தக்கது.

எனவே நாம் கேட்பது பெரிய மாளிகை அன்று. ஓடு வேய்ந்த ஒரு பழைய வீடு போதும். சுற்றிலும் இரண்டு தென்னை, ஒரு கமுகு, ஒரு பூவரசு. திண்ணையில் ஓலை முடையத் தெரிந்த ஒரு பெரியவர். அவருக்கு மாதச் சம்பளம். உள்ளே பிள்ளைகள் எழுதி வந்த குறிப்பேடுகளும் முதியோர் குரல்களின் பதிவுகளும். வருகிற பிள்ளை எதையும் தொடலாம், பிய்க்கலாம், புதிதாகச் செய்து எடுத்துப் போகலாம். பொருள் கெட்டால் கெடட்டும். மரத்தில் ஓலை இருக்கிறது.

முடையத் தெரிந்தவர்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அரசாணை வரும்வரை அவர்கள் காத்திருக்கப்போவதில்லை. வாசக நண்பர்களிடம் நமது வேண்டுகோள் இதுதான்: இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பாட்டியின் எதிரில் ஒரு குருத்தோலையை வையுங்கள். அவர் கைகள் செய்வதைப் பார்த்து நீங்களும் ஒன்று முடையுங்கள்.